எந்த அண்ணனும் காட்டாத கணக்கு

குண்டர் கும்பல் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நம்மவர்களின் சுட்டுவிரல் முதலில் நீளுவது திரையை நோக்கித்தான். கோயில் மண்டபத்து விழிப்புணர்வுக் கூட்டமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமோ, மைக் பிடித்தவர் ஐந்து நிமிடத்துக்குள் சினிமாவுக்கு வந்துவிடுவார். படம் கெடுக்கிறது, பாட்டு கெடுக்கிறது, கைப்பேசி கெடுக்கிறது. இந்த வரிசையில் இப்போது இன்னொன்றையும் சேர்க்கிறார்கள்: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, ஒரு குற்றக் கும்பலின் கதையைப் பேசிப் பேசியே நடத்தும் ஆட்டம். பெட்டாலிங் ஜெயாவில் அப்படியோர் ஆட்டத்தை நடத்துகிறவன் என்பதால் கேள்வி நேராக என்னிடமே வருகிறது. "நம்ம பிள்ளைங்க இருக்கிற நெலமைல இத வேற சொல்லிக் குடுக்கணுமா தம்பி?"

கேட்பவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கோயில் செயலவையினர், பதின்ம வயதுப் பையனை வீட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்ட தாய்மார்கள். அவர்களின் பயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 என்று எண்களாலேயே ஊருக்குத் தெரிந்த கும்பல்களெல்லாம் அதில் இருந்தன. உறுப்பினர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்று சொல்லப்பட்டது. நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இருக்கிறோம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பயப்படாதவர்தான் ஆச்சரியத்துக்குரியவர். ஆகவே பயத்தை நான் கேலி செய்யவில்லை. பயம் தவறான ஆளின் சட்டையைப் பிடித்திருக்கிறது என்கிறேன்.

'கபாலி' வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2016 ஜூலை. பா. இரஞ்சித் இயக்கம், கோலாலம்பூர்த் தாதாவாக ரஜினிகாந்த். இந்தியாவில் அந்தப் படத்தின் முடிவு ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு நின்றது, என்ன ஆனது என்பது பார்ப்பவர் ஊகத்துக்கு. மலேசியத் திரையரங்குகளில் மட்டும், கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டதாக ஒரு வரி கடைசியில் சேர்ந்துகொண்டது. படம் முழுக்கக் கோட்டும் சூட்டுமாகத் தலைவரை நடக்கவிட்டுப் பார்த்த பையன், இறுதியில் வரும் ஒற்றை வரியைப் படித்துத் திருந்திவிடுவான் என்று யாரோ மெய்யாகவே நம்பியிருக்கிறார்கள். நோய் பிம்பத்தில் இருக்கிறது, மருந்து வாசகத்தில் இருக்கிறது என்பதுதான் இந்த நம்பிக்கை. மேசை ஆட்டத்தின் மீது பாய்வதும் இதே நம்பிக்கைதான்.

பாய்கிறவர்களில் அந்த ஆட்டத்தை ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆகவே அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் ஆடுவது 'பிளேட்ஸ் இன் த டார்க்'. ஜான் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் உருவாக்கியது, 2017இல் புத்தகமாக வந்தது. மூலத்தில் கதை நடப்பது சூரியன் செத்துப்போன, ஆவிகள் உலவும் ஒரு கற்பனை நகரத்தில். நான் அதை ஆற்றுமுகத்துத் துறைமுகம் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டேன். ஈயம் ஏற்றிவரும் படகுகள், ஆற்று வளைவுக்கு ஒரு சுங்கச் சாவடி, சாவடிக்கு ஒரு எஜமான். கிள்ளான் ஆற்றின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு ஊர் புரிந்துவிடும். ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு சின்னக் கும்பல். கும்பல் தொடங்கும்போது கையில் இருப்பது இரண்டே காசு. முதல் வேலைக்குக் கிளம்புமுன்பே அந்த வட்டாரத்தை ஆளும் பெரிய கும்பல் வந்து கையை நீட்டும். ஒரு காசு கொடுத்தால் பகையில்லை. இரண்டையும் கொடுத்தால் நல்ல பெயர். கொடுக்காவிட்டால் முதல் நாளே முறைப்பு. சுதந்திரமான, யாருக்கும் தலைவணங்காத தாதா என்பவன் இந்த ஆட்டத்தின் முதல் பக்கத்திலேயே செத்துவிடுகிறான். நமக்குத் தெரிந்த சினிமாக்களில் அவன் இடைவேளை தாண்டியும் உயிரோடிருப்பான்.

எங்கள் மேசையில் ஒரு தாதி, கிள்ளானிலிருந்து வரும் ஏர்கோன் தொழிலாளி, இடைநிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர், லோரி நிறுவனமொன்றில் கிராணி. ஒரு சனிக்கிழமை இரவு அவர்களின் கும்பல் சுங்கக் கிடங்கில் புகுந்து அபினிப் பெட்டியைத் தூக்கியது. திட்டம் நடுவில் சொதப்பி, காவலாளி ஒருவன் செத்தான். ஆனாலும் ஆறு காசு கிடைத்தது. மேசையில் ஆரவாரம், ஏர்கோன் தம்பி எழுந்து நின்று கைதட்டினான். அதற்குப் பிறகுதான் ஆட்டத்தின் அடுத்த பகுதி தொடங்கும், கணக்குப் பார்க்கும் பகுதி.

பெரிய கும்பலுக்குக் கப்பம் ஒரு காசு. மீதம் ஐந்து. சத்தமும் குழப்பமுமாக நடந்த வேலை என்பதால் கும்பலின் மேல் காவல்துறையின் சூடு ஏறுகிறது. கொலை விழுந்ததால் விதிப்படி அதற்கு மேல் இன்னும் இரண்டு. ஏற்கெனவே தேடப்படும் கும்பல் வேறு. அடுத்து, வேலையின் பின்விளைவு என்ன என்று பார்க்க நான் ஒரு பகடையை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தது. புத்தகத்தில் அதற்கு நேரே எழுதியிருப்பது கைது. காவலர்கள் கதவைத் தட்டுகிறார்கள். வழி மூன்று: நான்கு காசு லஞ்சம், அல்லது உங்களில் ஒருவரை ஒப்படைப்பது, அல்லது தப்பிக்கப் பார்ப்பது.

நான்கு காசு கொடுத்தால் நாலு பேருக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒன்று. ஓடுவதற்கு உடம்பில் தெம்பில்லை. அரைமணி நேரம் பேசினார்கள். கும்பலில் காவல் நிற்கிற பதினாறு வயதுப் பையன் ஒருவன் உண்டு, யாருடைய பாத்திரமும் இல்லை, நான் பேசுகிற துணைப்பாத்திரம். அவனை ஒப்படைப்பது என்று முடிவானது. "ரெண்டு வருசத்துல வந்துருவான், வந்ததும் நாம பாத்துக்கலாம்" என்றார் கிராணி. எல்லாரும் தலையாட்டினார்கள். ஆசிரியை மட்டும் தன் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "அவன் வீட்ல யாரு இருக்கா?" ஆட்டத்தை நடத்துபவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. அம்மா, ஒரு தங்கை என்றேன். அடுத்த இரண்டு வாரமும் அந்த அம்மா கும்பலின் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தாள். ஏர்கோன் தம்பி சொன்னது இது: "நெஜத்துலயும் இப்படித்தான் அண்ணே. பெரிய ஆளு உள்ள போயி நான் பாத்ததே இல்ல."

பையனைக் கொடுத்ததும் கும்பலின் மேலிருந்த சூடு முழுக்க இறங்கிவிடும். விதி அப்படி. அவனுக்குத் தண்டனை விழுந்தால் தேடப்படும் நிலையும் ஒரு படி குறையும். சட்டத்தின் பசிக்கு யாரையாவது போட்டால் மற்றவர்கள் மூச்சுவிடலாம் என்பதை இவ்வளவு பச்சையாக எழுதிவைத்த வேறொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

தனியாள் கணக்கு இதைவிட மோசம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மன அழுத்தத்துக்கு ஒன்பது கட்டம். அது நிறைந்தால் ஆறாத தழும்பு ஒன்று சேரும்: சந்தேகப் பேயாகிறான், ஈரமற்றுப் போகிறான், கட்டுக்கடங்காத கொடூரனாகிறான், இப்படி. அழுத்தம் இறங்க வேண்டுமானால் குடி, சூது என்று தன் கெட்ட பழக்கத்திடம் போக வேண்டும். அங்கேயும் பகடைதான், அளவு மீறினால் இன்னொரு வம்பு. நான்காவது தழும்பு விழுந்தால் அந்த ஆள் கும்பலுக்கு உதவமாட்டான், ஆட்டத்திலிருந்து விலக வேண்டியதுதான். அப்போது அவன் சேமிப்பை எண்ணிப் பார்ப்போம். நாற்பது கட்டத்தில் பத்து வரைக்கும்தான் நிரம்பியிருந்தால், தெருவோரத்தில் குடியும் துன்பமுமாகக் கிடந்து சாவான் என்று விதி சொல்கிறது. எங்கள் மேசையில் இதுவரை விலகியவர்களில் வசதியாக ஓய்வெடுத்தவர் எவருமில்லை.

இப்போது சொல்லுங்கள், இது ஆள் சேர்க்கும் கருவியா?

நிஜத்தில் ஆள் சேர்க்கிறவன் இந்தக் கணக்கில் ஒரு வரியைக்கூடக் காட்டமாட்டான். அவன் காட்டுவது மோட்டார் சைக்கிளை. பின்னால் வந்து நிற்கும் இருபது பேரை. யாரோ ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் எண் பொறித்த கொடியோடு ரோட்டையே மறித்து நடக்கும் கூட்டத்தை. பையன் பார்ப்பது மரியாதை. அந்த மரியாதைக்கு யார் எவ்வளவு கட்டினார்கள், யார் உள்ளே போனார்கள், கப்பம் எங்கே போகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியவருவது நுழைந்த பிறகு. சங்கங்கள் சட்டத்தின் 43ஆம் பிரிவில் சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதற்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு என்பதும், குற்றவியல் சட்டத்தின் 130வி பிரிவில் திட்டமிட்ட குற்றக் கும்பலின் உறுப்பினருக்கு அது ஐந்தாண்டில் தொடங்கி இருபதாண்டு வரை போகும் என்பதும், சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்தால் குற்றம் சாட்டாமலேயே 28 நாள் வைத்திருக்கலாம் என்பதும் எந்த அண்ணனும் சொல்லிக்கொடுத்து ஆள் எடுத்ததில்லை.

பையன்கள் சேருகிற இடம் ஏர்கோன் தம்பிக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பள்ளிக் கழிவறை, ஃபுட்சால் திடல், அடுக்குமாடியின் மாடிப்படி, பாசார் மாலாம் இரவுச் சந்தையின் கார் நிறுத்துமிடம். சேருகிற காரணம் பெரும்பாலும் வீரம் அல்ல, அடி வாங்காமல் இருப்பது. ஒருவன் தினமும் அடிக்கிறான், இன்னொருவன் வந்து இனிமேல் உன்னை யாரும் தொடமாட்டான் என்கிறான். பதிமூன்று வயதில் அதை மறுக்க எத்தனை பேரால் முடியும்? இந்த இடங்களில் எங்கேயும் ஆங்கிலத்தில் அச்சான முந்நூறு பக்க விதிப்புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவனைக் காணமுடியாது.

வேர் இன்னும் கீழே போகிறது. பெட்டாலிங் ஜெயாவே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்தின் மேல் எழுந்த நகரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்குப் பிறகு தோட்டம் தோட்டமாக வீடமைப்பும் தொழிற்பேட்டையும் கோல்ஃப் திடலும் ஏறின. லயத்தில் இருந்தவர்கள் புறம்போக்கு நிலத்துக்குப் போனார்கள், அங்கிருந்து அடுக்குமாடிக்கு. தோட்டத்தில் கூலி குறைவு, ஆனால் வீடு இருந்தது, பள்ளி இருந்தது, கோயில் இருந்தது, தப்புச் செய்தால் காதைத் திருகப் பக்கத்து வீட்டு மாமா இருந்தார். வெளியேறியபோது கையோடு வந்தது கோயில் மட்டும். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் விளிம்பிலுள்ள கம்போங் மேடானில் நடந்த இன மோதலில் ஆறு உயிர்கள் போயின, பெரும்பாலோர் இந்தியர்கள். அந்த வட்டாரத்தின் நெரிசலையும் வறுமையையும் பார்த்தவர்கள் அதற்குக் காரணம் தேடிச் சினிமாக் கொட்டகைக்குப் போகமாட்டார்கள். இந்தக் கதையைத் திரையில் நேர்மையாகச் சொன்ன படம் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 2015இல் வந்தது. தோட்டம் கலைந்த பிறகு வளரும் பன்னிரண்டு வயதுச் சிறுவனைச் சுற்றியுள்ளவர்களில் குண்டரும் உண்டு, போதையில் விழுந்து எழுந்தவரும் உண்டு, பிரம்பால் நல்வழிப்படுத்த நினைக்கும் அப்பாவும் உண்டு. மறுஆண்டு தேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று விருது வாங்கியது. கும்பலைக் காட்டினாலே கெடும் என்றால் அந்த விருதையும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

கும்பல் என்பதே இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1868இல் கோலாலம்பூரின் மூன்றாவது சீனக் கப்பித்தானான யாப் ஆ லோய், ஹாய் சான் இரகசியச் சங்கத்தோடு சேர்த்தே பேசப்படுபவர். இன்று அவர் பெயரில் நகர மையத்தில் சாலை இருக்கிறது. நம் பையன்கள் பச்சை குத்திக்கொள்ளும் எண்களும் சீன இரகசியச் சங்கங்களின் வழியில் வந்தவைதாம். நூறாண்டு கடந்த கும்பல் சாலைப் பெயராகிறது, கடக்காதது தலைப்புச் செய்தியாகிறது.

மேசை ஆட்டத்தைப் பற்றிய பீதியும் நாம் கண்டுபிடித்ததல்ல. இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1974இல் அமெரிக்காவில் வந்தது. 1982இல் மகனைத் தற்கொலையில் இழந்த பாட்ரிசியா புல்லிங் என்ற தாய், ஆட்டத்தின்மீது பழி சுமத்தி மறுஆண்டு ஓர் இயக்கமே தொடங்கினார். தொலைக்காட்சி, தேவாலயம், காவல்துறைக் கருத்தரங்கு என்று பத்தாண்டு போல அந்தப் பீதி ஓடியது. தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. இன்று அதே ஆட்டத்தை அங்கே நூலகங்களே பிள்ளைகளுக்கு நடத்துகின்றன.

ஆனால் நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமான வழக்கு விஸ்கான்சின் மாநிலத்து வாபன் சிறையில் நடந்தது. 2004இல் அங்கே ஓர் ஆயுள் கைதியும் அவர் கூட்டாளிகளும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வைத்துக் கும்பல் சேர்க்கிறார்கள் என்று பெயரில்லாக் கடிதமொன்று வந்தது. சிறைக்குள் ஆட்டம் தடைசெய்யப்பட்டது. அந்தக் கைதி கையாலேயே எழுதிவைத்திருந்த 96 பக்கக் கதைக்களம் பறிமுதலானது. அவர் வழக்குப் போட்டார். ஆட்டத்துக்கும் கும்பலுக்கும் தொடர்பில்லை என்று 15 பேரின் சத்தியக் கூற்றுகளையும் கொடுத்தார். 2010 ஜனவரியில் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறைப் பக்கமே தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பைப் பலர் எனக்கெதிராக நீட்டலாம், ஆகவே நானே எடுத்துவைக்கிறேன். நீதிமன்றம் சொன்னது ஆட்டம் கும்பலை உண்டாக்குகிறது என்றல்ல. அப்படி ஒரு சம்பவம் அங்கே நடந்ததாகச் சிறையாலும் காட்டமுடியவில்லை. சிறை நிர்வாகத்தின் அச்சம் நியாயத்துக்கு முற்றிலும் புறம்பானதல்ல, சிறைக்குள் அவ்வளவு போதும் என்றுதான் தீர்ப்பு. நம் குடியிருப்புத் தாமான்களைச் சிறையாக நினைப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

சிறையின் கும்பல் நிபுணர் சொன்ன காரணம்தான் வேடிக்கை. ஒருவர் நடத்த மற்றவர்கள் ஆடுகிறார்கள், இது தலைவனும் தொண்டர்களும் இருக்கும் கும்பலைப் போலவே இருக்கிறது என்றார். அப்படியானால் கூத்து வாத்தியாரும் குண்டர் தலைவர்தான், உறுமிமேளக் குழுவின் பொறுப்பாளரும் அப்படியே. தவிர, ஆட்டத்தை நடத்துகிறவன் உத்தரவு போடுவதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவன் சொல்வான், திறப்பதா வேண்டாமா என்பதை ஆட்டக்காரர்கள் தீர்மானிப்பார்கள். என் பேச்சை அவர்கள் கேட்டிருந்தால் அந்தப் பதினாறு வயதுப் பையன் உள்ளே போயிருக்கமாட்டான்.

குற்றவாளியின் மூளைக்குள் நுழைந்து பார்ப்பது தமிழுக்கு அந்நியம் என்று பேசுகிறவர்களும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள். கோவலனைக் கொல்ல வந்த காவலரிடம் பொற்கொல்லன், கள்வருக்குத் துணையாவன எட்டு என்று மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனப் பட்டியலே போடுகிறான். ஒவ்வொன்றையும் வைத்து எப்படித் திருடுவார்கள் என்று விளக்கமும் சொல்கிறான். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரையில் நூலேணியோடு திரியும் கள்வரும் வருகிறார்கள், அவர்களின் வித்தையை அறிந்த ஊர்க்காவலரும் வருகிறார்கள். இவற்றைப் பாடத்தில் வைத்ததால் களவு பெருகியது என்று யாரும் தீர்மானம் போட்டதாகத் தெரியவில்லை. இளங்கோவின் பட்டியலில் உள்ள இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். களவு பற்றி அவ்வளவு அழகாகப் பேசுகிறவன்தான் அங்கே உண்மையான கள்வன். காவலர்கள், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பொற்கொல்லன் பேசியே கரைக்கிறான். பழி யார்மேல் விழவேண்டும் என்பதைக் குற்றவாளியே தீர்மானிக்கும் காட்சி அது.

இதுவரை நான் மறுத்தது எளிய வாதங்களை. வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்ன அக்கா ஒருவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அவருடைய உறவுக்காரப் பையனைப் பாராங்கத்தியால் வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். "வெள்ளைக்காரனுக்கு இது கதை. எங்களுக்கு இது வீட்டுச் சாவு. அத வச்சு வெளையாடுவீங்களா?" என்றார்.

இதற்கு 'வெறும் விளையாட்டுதானே அக்கா' என்று பதில் சொல்வது அயோக்கியத்தனம். இந்த ஆட்டத்தின் ரசிகர்களோடும் எனக்குச் சண்டை இருப்பது இந்த இடத்தில்தான். ஆட்டத்தால் ஒரு பாதிப்பும் இல்லை என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். பாதிப்பு இல்லாத ஒன்றை நான் ஏன் வாராவாரம் நடத்தவேண்டும்? மூன்று மணி நேரம் ஒருவனாகப் பேசினால் அவனுடைய நியாயம் புரியத்தான் செய்யும், கொஞ்சம் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆகவே நடத்துகிறவன் எதைக் காட்டுகிறான், எதை மறைக்கிறான் என்பதுதான் எல்லாம். கும்பல் ஜெயித்துக்கொண்டே போக, வெட்டுப்பட்டவர்கள் பெயரில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும் மேசைகளும் உண்டு. அப்படி ஒன்றிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறேன். விதிப்புத்தகத்திலும் குறை உண்டு. அதன் வேகம் எப்போதும் அடுத்த வேலையை நோக்கியே இழுக்கிறது, செத்த காவலாளியை நினைக்க நேரம் தருவதில்லை. அந்த நேரத்தை நடத்துகிறவன் வலிந்து உண்டாக்க வேண்டும்.

எங்கள் மேசையில் நிஜக் கும்பல்களின் எண்ணோ சின்னமோ பெயரோ வரக்கூடாது. கும்பலின் கையால் சாகிறவர் எவரானாலும் பெயரும் வீடும் உண்டு, அதைச் சொல்லாமல் அடுத்த காட்சி இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. எந்தெந்த விஷயங்கள் கதைக்குள் வரவே கூடாது, எவை திரைக்குப் பின்னால் நடக்கலாம் என்று முதல் நாளே எல்லாரும் சொல்லிவிடுவார்கள். பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று மேசை நடுவில் கிடக்கும். யாரேனும் அதைத் தொட்டால் காட்சி அங்கேயே நிற்கும், காரணம் கேட்கக்கூடாது. இந்த அட்டை முறை 2013இல் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் அறிமுகப்படுத்தியது, உலகம் முழுக்கப் பலர் பின்பற்றுகிறார்கள். தாதி அதை ஒருமுறை தொட்டிருக்கிறார், வெட்டுக்காயம் ஒன்றை நான் விவரித்தபோது. அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவர். வாயை மூடிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனேன்.

அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். அவர் வீட்டுச் சாவை நாங்கள் ஆடவில்லை. ஆனால் அந்தக் கத்தியைக் கொடுத்தவன் யார், கொடுத்தவனுக்குக் கப்பம் கட்டுகிறவன் யார், உள்ளே போனது யார், போகாமல் தப்பியது யார் என்பதை நாலு பேர் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசும் இடம் நம்மிடம் வேறு எது இருக்கிறது? துக்க வீட்டில் பேசமுடியாது, கோயிலில் பேசமாட்டார்கள், பேரணி மேடையில் கோஷம்தான் வரும். அவர் சமாதானமாகவில்லை. ஆக வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. தடைசெய்ய வேண்டும் என்று மட்டும் அவர் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்பவர்கள் இழப்பில்லாதவர்கள்.

தடை நமக்குப் பழகிப்போன வேலை. கம்போங் மேடான் சம்பவத்தைப் பற்றிக் கா. ஆறுமுகம் எழுதிய 'மார்ச் 8' நூல் தடைசெய்யப்பட்டது. ம. நவீனின் 'பேய்ச்சி' நாவல் 2020 டிசம்பரில் தடைசெய்யப்பட்டது. இரண்டுக்கும் பிறகு எந்த அடுக்குமாடியில் எந்தக் கும்பல் கலைந்தது? தடைக்குச் செலவில்லை, ஒரு கடிதமும் ஒரு கையெழுத்தும் போதும். பள்ளி முடிந்த நேரத்திலிருந்து அம்மா வேலைவிட்டு வரும்வரை ஒரு பையனுக்கு உட்கார இடமும் பேச ஆளும் ஏற்பாடு செய்வதற்குத்தான் பணமும் பொறுமையும் வேண்டும்.

நம் வட்டாரத்துக்கென்றே இந்த ஆட்டங்களைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். போர்ட் டிக்சனில் இருந்து எழுதும் ஸெடெக் சியூ, ஓவியர் முன் காவோவுடன் சேர்ந்து 'எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்' என்ற சிறு நூல் வரிசையைக் கொண்டுவந்தார். தென்கிழக்காசியக் காடும் ஆறும் முதலையும் உள்ள உலகம். வெளிநாடுகளில் அதைத் தேடி வாங்கினார்கள். தமிழில் அப்படி ஒன்று இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. லயத்தையும் கங்காணியையும் வட்டிக்காரனையும் வைத்து நம்மவர் ஒருவர் எழுதினால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

செயலவையினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இந்த ஆட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் போடுவதற்கு முன், உங்களில் இரண்டு பேரை ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் மேசைக்கு அனுப்புங்கள். ஆங்கிலம் தடையாக இருக்காது, நாங்கள் ஆடுவது தமிழில். சும்மா பார்க்க வேண்டாம், கும்பலின் வரவு செலவை எழுதும் பொறுப்பை உங்களிடமே தருகிறேன். எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் இது பிள்ளைகளைக் கும்பலுக்கு அனுப்பும் என்று உங்களுக்குத் தோன்றினால் தீர்மானத்தைப் போடுங்கள். அதற்கும் நான் பதில் எழுதுவேன்.